மடித்துச் சொருகிய மூலை

மூணாறிலிருந்து சின்னக்கானல் போகும் பஸ். முன் சீட்டில் ஒரே ரிசார்ட் சீருடையில் இரண்டு பெண்கள். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

"ஃபோர்ட் கொச்சியில தங்கின ரூம்ல, மெத்தை விரிப்ப நானே விரிச்சுட்டேன்" என்றார் மூத்தவர்.

"ஏன் மதினி, அங்க ஆள் இல்லையா?"

"இருக்காக. என் மகதான் அங்க மேனேஜர். கடலப் பாத்த பழைய பங்களா, இப்ப ஓட்டல், ஏழே ரூம். நான் ரூம் கிளீனிங் பாக்குறத அங்க யார்ட்டயும் சொல்லாத, ஒனக்குக் கொறச்சல்னு சொல்லிட்டுத்தான் தங்கினேன். காலையில எந்திரிச்சா கை சும்மா இருக்குமா? நம்ம ரிசார்ட்ல மாதிரியே விரிப்பு மூலைய மடிச்சுச் சொருகிட்டேன்."

"அதுல மாட்டிக்கிட்டீகளா?"

"சுத்தம் பண்ண வந்த பிள்ளைக, இங்க யாருமே படுக்கலையேன்னு மகளக் கூட்டியாந்துட்டாளுக. எனக்குத் தலையே நிமிரல."

"அவ என்ன சொன்னா?"

"'எங்கம்மா இருவது வருசமா சின்னக்கானல்ல ரூம் வேலை பாக்குறாங்க. இந்த மூலையப் பாத்துக் கத்துக்கோங்க'ன்னுட்டா."

"அழுதிருப்பீகளே மதினி!"

"அழவா? அடுத்த ரூமத் தெறங்கடின்னேன்."