ஐஸ்பெட்டி சிலுவையின் பிக்கப்

எங்கள் வீட்டில் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு மட்டும்தான் கிடையாது. அதற்கு நிறையப் பேச வேண்டும். எனக்குப் பேச்சு வராது.

அதனால்தான், சுந்தர்ராமன் சார், பழைய வண்டிகள் கண்காட்சிக்காக எங்கள் பிக்கப்பைப் பரிசோதிக்க நீங்கள் புன்னக்காயலுக்கு வந்த அன்று, காப்பி மட்டும் கொடுத்துவிட்டு நின்றேன். சேசிஸ் எண்ணை அரத்தால் ராவியது யார் என்று இன்று நீங்களே போனில் கேட்பதால் சொல்கிறேன்.

அப்பாவை ஊரில் ஐஸ்பெட்டி சிலுவை என்பார்கள். ஏரல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், இந்த வண்டியின் பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே பிறந்தவராம். பிறந்தது ஐம்பத்தெட்டில். விருந்தாளி யார் வந்தாலும் பின்கதவைத் திறந்து, "இங்கனதான் விழுந்தேன்" என்று இடம் காட்டுவார். கண்காட்சியில் சான்றிதழ் வாங்கி, அந்த வண்டியைப் பாளையங்கோட்டைத் தெருக்களில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

"ஏட்டி எப்சி, நீ கெமிஸ்ட்ரி படிச்சவதான. வண்டிக்கு என்ன வயசுன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். கதவுக் கண்ணாடியின் குறியீடும் எஞ்சின் வார்ப்பில் இருந்த தேதியும் அறுபத்திரண்டு என்றன. அவற்றைப் பின்னால் மாற்றியிருக்கலாம். சேசிஸில் துருவைச் சுரண்டினேன். அங்கே அடித்திருந்த எண்ணும் 62 என்றுதான் தொடங்கியது. அப்பாவுக்கு நான்கு வயதானபோது வந்த வண்டி.

இதை அவரிடம் சொல்ல ஒரு வாக்கியம் போதும். இரும்பை ராவுவது அதைவிடச் சுலபமாகத் தெரிந்தது.

ஏரலில் பட்டறை வைத்திருக்கும் மார்ட்டின் மாமா, அப்பாவின் சிறுவயதுத் தோழர். வண்டியை இத்தனை காலம் ஓட வைத்தவர். கேட்டில் வீட்டு எண் அடிக்க வேண்டும் என்று அவரிடம் நம்பர் பஞ்ச் கேட்டேன்.

"நீ வாயத் தொறந்து கேட்ட மொத சாமான் இதாம்ட்டி. கொண்டு போ" என்றார்.

எல்லோரும் ஞாயிறு பூசைக்குப் போனார்கள். நான் தலைவலி என்று படுத்திருந்து, பிறகு எழுந்து, 62ஐ ராவிவிட்டு 58 அடித்தேன். எண் அடித்த இடத்தில் இரும்பு உள்ளேயும் நெரிந்திருக்கும்; ராவினாலும் அமிலம் தடவினால் பழைய எண் எழுந்து வரும். அதனால் ஆழமாகவே ராவினேன். மேலே உப்புத்தண்ணீர் பூசினேன். சில நாளில் நல்ல துரு பிடித்தது. இருந்தும் நீங்கள் அமிலம் தொட்டுத் தடவியபோது, 62 மங்கலாக எழுந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ராவியிருக்கலாம்.

எழுபதுக்கு முந்தைய எந்த வண்டியும் கண்காட்சிக்கு வரலாம், அசல் அறுபத்திரண்டு என்றால் முதல் வரிசையில் விட்டிருப்பேன், எண்ணைத் திருத்திய வண்டி இனி எங்கும் செல்லாது என்றீர்கள். 8இன் வயிற்றில் ஒரு சிறிய வெட்டு இருப்பதையும் காட்டினீர்கள். மார்ட்டின் மாமாவின் பஞ்சில் இருக்கும் வெட்டு அது. ஏரலில் பாதி வீட்டுக் கேட்டுகளில் அதைப் பார்க்கலாம்.

நீங்கள் போன பிறகு அப்பா அவரை வரச் சொன்னார்.

"ஏலே மார்ட்டினு, எதுக்குலே ராவுன?"

"நான் எதுக்குலே ராவப் போறேன்? நீ பொறந்தது எங்க வீட்டு அடுப்படியில. ஐஸ் கம்பெனியில மொத பெட்டி நமக்குக் கெடைக்கட்டும்னு நாம ரெண்டு பேருந்தான இந்தக் கதையக் கெட்டிவிட்டோம்."

"அது வெளயாட்டுலே. அதுக்காவ வண்டியக் கொல்லுவியா?"

அந்த விளையாட்டை இதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"பஞ்ச் ஒன்னுதுதான?" என்று அப்பா கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் காப்பியை நீட்டினேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, "என்னுதுதாம்லே" என்றார். குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. வண்டி கொட்டகையில் நிற்கிறது. அப்பா பின்கதவைத் திறப்பதில்லை.

ராவியது நான்தான், சார். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம். அவர் தாங்க மாட்டார். மார்ட்டின் மாமாவைப் பற்றிக் கவலையில்லை. பஞ்சை நான் வாங்கிப் போனதே அவருக்கு மறந்துவிட்டது. வயதாகிறதல்லவா.