தொடக்கூடாத பதினைந்து

நான் லிஃப்டில் ஏறுவதில்லை. மூன்று மாடிதானே, படியேறினால் முழங்காலுக்கு நல்லது. போகிற வழியில் நாலு பேர் முகத்தையும் பார்க்கலாம். பதினோரு வருடமாக அப்படித்தான். எங்கள் மருத்துவமனையில் எந்தச் சுவருக்குப் பின்னால் எந்த ஒயர் ஓடுகிறது என்பது, அதைக் கட்டிய மேஸ்திரியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். பெயர் பாலகிருஷ்ண பங்கேரா. வயது நாற்பத்தொன்பது. நெட்வொர்க் பிரிவில் மூத்தவன். யாரும் கூப்பிடாமல் நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் முன் உட்கார்ந்தேன். ஏன் வந்தேன் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

ஸ்வஸ்திக் ஆள்வா ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தான். புத்தூர்க்காரன், இருபத்தேழு வயது. கெட்டவன் என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். என் தட்டில் மீன் இல்லையென்றால் தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து வைப்பான். வந்த மூன்றாம் நாள் தன் மடிக்கணினியில் ஒரு கருவியை ஏற்றினான். படம், பொத்தான் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்க வேண்டும். அது நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு மிஷினையும் தேடிப் போய் "இருக்கிறாயா" என்று கேட்டு, பட்டியல் போட்டுத் தரும். அதே வரியில் இன்னும் சில எழுத்துகளைச் சேர்த்தால், ஒவ்வொரு மிஷினின் எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்து எது திறந்து கிடக்கிறது என்றும் சொல்லும். திருடன் வருவதற்கு முன் நாமே தட்டிப் பார்த்துப் பூட்டிக்கொள்வதற்கான வேலை அது.

அன்று அவன் மிஷின்களின் பெயரை மட்டும் கேட்டான். நான்கு நிமிடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு மிஷின்கள் திரையில் வரிசையாக வந்து நின்றன. என் நோட்டுப் புத்தகத்தில் ஐந்நூற்றுத் தொண்ணூறு இருந்தது.

இதெல்லாம் மூன்றாம் மாடி இருதய வார்டின் மேசையில் நடந்தது. அங்கே தலைமை நர்ஸ் லவீனா கிராஸ்தா. ஒரு பிரின்டர் முனகினால்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். அன்று அவள் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன பங்கேரா அண்ணா, பதினோரு வருஷமா நீங்க ஏறி இறங்கி எழுதினத, இவன் டீ ஆறுறதுக்குள்ள எழுதிட்டானே."

"அண்ணா நோட்டுதான் சிஸ்டர் ஒரிஜினல். இது சும்மா ஜெராக்ஸ்" என்றான் ஆள்வா.

எனக்காகப் பரிந்து பேசினான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அவன் பரிந்து பேசியதுதான் உள்ளே போய்த் தைத்தது. அடுத்த வாரத்திலிருந்து லவீனா பிரின்டருக்கும் அவனையே கூப்பிட்டாள். நான் படியேறிப் போனால், "நீங்க ஏன் அண்ணா சிரமப்படறீங்க, ஆள்வா பாத்துக்குவான்" என்பாள். பொறாமையா என்று நேற்று கேட்டீர்கள். ஆமாம், பொறாமைதான். சோறு இறங்கவில்லை. நேற்றைய மழைக்கு இன்று முளைத்த காளான் என்று மனைவியிடம் சொன்னேன். "காளான் ருசியாத்தான இருக்கு" என்றாள் அவள். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

ஆகஸ்டில், எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கும் பெரிய சோதனையைச் செய்ய நிர்வாகம் அனுமதி கொடுத்தது. எங்கள் தொழிலில் அதற்கு ஒரு முறை உண்டு. தட்டுவதற்கு முன், அந்த நெட்வொர்க்கில் பழம் தின்று கொட்டை போட்டவனிடம் போய், எதைத் தொடக்கூடாது என்று கேட்க வேண்டும். சில பழைய மிஷின்கள் தட்டினால் தாங்காது. அவற்றின் முகவரியை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் கருவி அவற்றை விட்டுவிட்டுப் போகும். ஆள்வா முறைப்படி வந்து கேட்டான்.

"அண்ணா, தொடக்கூடாத பெட்டி எதெல்லாம்னு நீங்க சொன்னாத்தான் நான் கைய வைப்பேன்."

ஒன்பது முகவரிகளை எழுதிக் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான்கு, எக்ஸ்ரேயில் மூன்று, மருந்தகத்தில் இரண்டு. ஒன்பதும் சரியானவை. ஒரு பொய்கூட அந்தத் தாளில் இல்லை.

மொத்தம் பதினைந்து. மீதி ஆறும் இருதய வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் நாடிப் பெட்டிகள், நோயாளியின் துடிப்பை எண்ணிக் காட்டி, தப்பினால் மணியடிக்கும் மானிட்டர்கள். எட்டு வருடத்துக்கு முன் வெளியாள் ஒருவன் விளையாட்டாகத் தட்டிப் பார்த்தபோது அந்த ஆறும் உறைந்துபோயின. அணைந்தால் பரவாயில்லை, யாராவது கவனிப்பார்கள். இவை அணையாது. கடைசியாகக் காட்டிய எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும், மணியும் அடிக்காது. அன்று நான் ஓடிப்போய் ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி போட்டேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதனால் யாருக்கும் அது தெரியாது, எனக்கு மட்டும்தான்.

ஆள்வா ஞாயிறு காலை செய்யலாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை பாதி மிஷின் அணைந்திருக்கும், பட்டியல் முழுமையாக வராது, திங்கள் மதியம் இரண்டு மணிதான் சரி என்றேன். மெதுவாகத் தட்டட்டுமா என்று கேட்டான். மெதுவாக என்றால் ஆறு மணி நேரம் இழுக்கும், வேகமாகவே போ என்றேன். இரண்டும் நியாயமான யோசனைகள். இரண்டு மணிக்கு நர்சுகள் ஷிஃப்ட் மாறுவார்கள் என்பதும், அந்தக் கால் மணி நேரம் கட்டிலருகே யாரும் இருக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதை அவன் கேட்கவில்லை.

என் எண்ணம் சின்னதுதான். பெட்டிகள் உறையும், வார்டு கலங்கும், லவீனா என்னைக் கூப்பிடுவாள். நான் போய் ஆறையும் எழுப்பிவிட்டு, "தம்பி, இதெல்லாம் திரையில தெரியாது" என்று எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்வேன். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

திங்கள் மதியம் பிரின்டரைப் பார்க்கிற சாக்கில் மூன்றாம் மாடிக்குப் போனேன். நான்காம் கட்டிலில் விஸ்வநாத சாலியான். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், இருதய அறுவை முடிந்து புதன்கிழமை வீட்டுக்குப் போக வேண்டியவர். என்னைக் கண்டால் விடமாட்டார்.

"ஏய் பங்கேரா, இந்தப் பெட்டில கிரிக்கெட் வைக்க முடியாதா மாராயா? என் நாடிய நானே எவ்ளோ நேரம் பாக்கறது?"

"புதன்கிழமை வீட்டுல போய்ப் பாருங்க" என்றேன். சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மகள் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள்.

இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு அவருடைய பெட்டி எழுபத்தெட்டில் நின்றது. உயிருள்ள மனிதனின் நாடி ஒரே எண்ணில் நிற்காது, எழுபத்தேழு, எழுபத்தொன்பது என்று அலைந்துகொண்டே இருக்கும். அது அலையவில்லை. நான் கைபேசியை எடுத்து, மணிச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு பத்துக்கு அவருடைய கை போர்வையை ஒருமுறை பற்றியது. பிறகு விட்டது. அப்போதும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் நானாகப் போய்க் கையை வைத்தால், எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும். அதனால் நின்றேன்.

இரண்டு பதினான்குக்கு மகள் கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தாள். "சிஸ்டர், அப்பா கை சில்லுனு இருக்கு" என்றாள்.

"நம்பர் நல்லா இருக்கேம்மா" என்றாள் லவீனா, மேசையிலிருந்தபடி பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டே. பிறகு எழுந்து ஓடினாள். டாக்டர் வந்தார், நெஞ்சை அழுத்தினார்கள். பெட்டி கடைசிவரை எழுபத்தெட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கிடையில் லவீனா மேசை போனை எடுத்தாள். நான் நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், என்னைப் பார்க்கவும் செய்தாள்.

"ஆள்வா, மேல ஓடி வாப்பா, பெட்டி என்னவோ ஆயிடுச்சு" என்று போனில் அழுதாள்.

அவன் ஓடிவந்து ஆறு பெட்டிகளையும் அணைத்து மறுபடி போட்டான். மற்ற ஐந்து பேர் பிழைத்தார்கள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தான். கருவியை ஓட்டியவன் என்ற முறையில் பழியை அவனே எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது புத்தூரில் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லையாம். நான் அதற்காக உங்களிடம் வரவில்லை.

போன வாரம் மருத்துவமனையின் விசாரணை அறிக்கையைப் படித்தேன். பழைய பெட்டிகள் உறையும் என்பதை முதன்முதலாகக் கண்டறிந்தவர் ஆள்வா என்று அதில் இருக்கிறது. அடுத்த வரியில், மூத்த ஊழியர் பங்கேராவுக்கு இந்த மிஷின்களைப் பற்றிப் போதிய அறிவு இல்லை என்று இருக்கிறது. தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். எனக்கு எட்டு வருடமாகத் தெரியும்.