ஒரு மணி பத்து நிமிடப் பதிவு

குளிர்காலத்தில் காலர் மைக்குக்குச் சாதாரண பேட்டரி போடுகிறவனை நான் ஒலிப்பதிவாளன் என்றே ஒத்துக்கொள்வதில்லை. நாரின் ஊர்ப் பக்கத்து மலைகளில் அது காலை பத்து மணிக்கே உயிரை விட்டுவிடும். லித்தியம் பேட்டரிதான் வேண்டும். அதையும் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருந்து, கடைசி நேரத்தில்தான் மாட்ட வேண்டும். இதெல்லாம் எதற்கு என்கிறீர்கள். அன்று நடிகன் உலானின் இடுப்பில் இருந்த மைக் பேட்டரி சாகவில்லை. எல்லோரிடமும் செத்துவிட்டது என்று நான்தான் சொன்னேன்.

என் பெட்டி இப்போது உங்களிடம் இருக்கிறது. திறந்து பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு தேயிலை டப்பா, மேலே நடிகரின் பெயர். அதிகம் வியர்க்கிறவருக்கு ஈரம் தாங்கும் மைக். பட்டுச் சட்டைக்காரருக்கு உரசல் கேட்காத மைக். காற்றுக்குக் கடையில் விற்கும் பஞ்சு உறை எதற்கும் உதவாது. ஆட்டு ரோமத்தை நானே தட்டிக் கம்பளமாக்கி, நகத்தளவு வெட்டி ஒட்டுவேன். இருப்பதிலேயே நல்ல மைக்கை உலானுக்குக் கொடுத்தேன். கதாநாயகன் என்பதற்காக இல்லை. அவன் தாழ்ந்த குரலில் பேசுவான். அந்தக் குரலில் ஒரு கதகதப்பு உண்டு. தயவுசெய்து டப்பாக்களை இடம் மாற்றிவிடாதீர்கள்.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை இருக்கிறது. மைக் மாட்டியவர் ஒதுங்கப் போனாலோ, வீட்டாரோடு ஃபோனில் பேசினாலோ, ஒலிப்பதிவாளன் அவருடைய ஒலியைக் குறைத்துவிட வேண்டும். நான் நாலு பேர் பார்க்கும்படி குமிழைத் திருகுவேன். புதிதாக வருகிறவர்களிடம் இயக்குநர் குல்ஸாத் என்னைக் காட்டி, அண்ணன் முறையில் பைகே போட்டுச் சொல்லுவாள்: "மர்லிஸ் பைகே காதுக்குப் பயப்படாதீங்க. கண்ணியமான காது அது."

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெயர் எனக்கு இருந்தது. ஆனால் ஹெட்ஃபோனுக்கு வேறு குமிழ். அதை நான் குறைத்ததே இல்லை. கேட்டதை வைத்து யார் குடியையும் கெடுக்கவில்லை. இன்னார் பாதியில் ஓடப் பார்க்கிறார் என்று குல்ஸாத்திடம் ஜாடையாகச் சொல்லியிருப்பேன். படம் நல்லபடி முடிய வேண்டாமா?

உலான் அல்மாத்தி நகரத்துக்கு வேறு படத்துக்குப் போக நினைத்ததைத் தன் குதிரையிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான். மறுநாளே குல்ஸாத் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குதிரை கோள் சொல்லாது என்று புரிகிற அளவுக்கு அவனுக்கு மூளை வேலை செய்தது.

படப்பிடிப்பின் கடைசி நாளுக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டு நேரம். அவன் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினான். நான் வழக்கம்போலக் குமிழைத் திருகினேன். காதில் அவன் குரல் மெல்ல வந்தது, தனக்குத் தானே பேசுவதுபோல: "மர்லிஸ் பைகே கிண்ணத்துல எச்சில் துப்பிட்டு வந்தாச்சு. குடிக்கட்டும்."

கூடாரத்தில் என் முன்னால் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் அதை ஓரமாக நகர்த்தினேன். அவ்வளவுதான் செய்தேன். அதற்குள் அவன் வாசலில் வந்து நின்றிருந்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கிண்ணத்தை எடுத்துத் தானே ஒரு மடக்கு குடித்தான்.

"என்ன பைகே, நம்ம வீட்டு டீ பிடிக்கலையா?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "பரவால்ல விடுங்க. நாளைக்குக் கடைசி விருந்துல எல்லாரும் உக்காந்திருப்போம்ல, அப்ப சொல்லிச் சிரிச்சுக்கலாம். கண்ணியமான காது!"

அவன் கெட்டவன் இல்லை. விளையாட்டுப் பிள்ளை. சிரிக்க ஒன்று கிடைத்தால் விடமாட்டான். அதனால்தான் கட்டாயம் சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. கெட்டவனாக இருந்தால் ஏதாவது கேட்டு வாங்கிக்கொண்டு வாயை மூடியிருப்பான்.

பிற்பகலில் அவன் குதிரையில் கணவாய் நோக்கிப் போகிற காட்சி. பாதியில் மூடுபனி இறங்கிப் பனி கொட்டத் தொடங்கியது. அரை மணியில் குதிரை மட்டும் கணவாய்ப் பக்கமிருந்து திரும்பி வந்தது. ஆட்கள் அந்தப் பக்கமே கயிறும் விசிலுமாக ஓடினார்கள். குல்ஸாத் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பைகே, மைக்ல ஏதாவது கேக்குதா? மூச்சு, முனகல், ஏதாவது?"

"ஒதுங்கப் போறேன்னான், குறைச்சு வெச்சேன். இப்ப ஏத்திப் பாக்குறேன், ஒண்ணும் வரல. குளிர்ல பேட்டரி செத்துப்போச்சு," என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் என் கையால் போட்ட பேட்டரி ஒன்றுகூடச் செத்ததில்லை. அதைச் சொல்லும்போது எனக்கு அவமானமாக இருந்தது.

"நீங்க இங்கயே உக்காந்து கேட்டுட்டே இருங்க, கும்பிடுறேன்," என்று சொல்லிவிட்டு அவளும் ஓடினாள். சொன்னபடியே உட்கார்ந்து கேட்டேன்.

அவன் குரலுக்குப் பின்னால் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் இருந்தது. எங்கள் கூடாரத்திலிருந்து முந்நூறு அடியில் உள்ள ஓடைப் பள்ளம். அங்கே ஒரே ஓடைதான். குதிரை அங்கே அவனைத் தள்ளிவிட்டுக் கணவாய்ப் பக்கம் ஓடிப்போய்ச் சுற்றி வந்திருக்கிறது.

முதலில் அவன் சிரித்தான். "பைகே, நீங்க கேட்டுட்டுதான் இருப்பீங்கன்னு தெரியும். ஓடைக்குள்ள கிடக்கேன். கால் ஒடிஞ்சுபோச்சு. ஆள் அனுப்புங்க." கொஞ்ச நேரம் கழித்து, "டீ விஷயத்த யார்கிட்டயும் சொல்லமாட்டேன் பைகே. சத்தியமா நான் துப்பல." அப்புறம் திட்டினான். அப்புறம் அழுதான். காலர் மைக் ஒருவழிக் கருவி. அதில் நான் பதில் சொல்ல முடியாது என்பது அவனுக்கே தெரியும். ஒரு மணி பத்து நிமிடம். எழுந்து பள்ளத்தின் விளிம்புவரை போய் வர எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஓடுகிற பதிவை நடுவில் விட்டு எழுந்து போகும் பழக்கம் எனக்குக் கிடையாது. கடைசிப் பத்து நிமிடம் வெறும் மூச்சு. மூச்சு நின்ற பிறகுதான் பதிவை நிறுத்தினேன். மறுநாள் காலையில் அவனைக் கண்டெடுத்தார்கள்.

நாற்பதாம் நாள் சடங்குக்குப் போயிருந்தேன். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. உலானின் தாய் பூபூசரா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அவன் குரல் உங்ககிட்ட இருக்கும்ல தம்பி? படத்துக்குப் பேசினது வேணாம். அவனாப் பேசினது ஏதாவது இருந்தாக் குடுங்க," என்று கேட்டாள். பெற்றவள் கேட்கும்போது எப்படி இல்லை என்று சொல்வது? அந்தப் பதிவிலிருந்து நாலு விநாடி வெட்டிக் கொடுத்தேன். "அம்மா, நான் வந்துர்றேம்மா." படப்பிடிப்பின் நடுவே அவளை நினைத்துச் சொன்னது என்றேன். அவள் என் கையை முத்தமிட்டாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து, ஐஸை உடைத்துத் தண்ணீர் மொண்டு வாழ்ந்தவள் அவள். ஒரு வாரம் அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு குல்ஸாத்துக்கு ஃபோன் செய்தாள். "பின்னால ஐஸுக்கு அடியில தண்ணி ஓடுதேம்மா. ஓடையில எங்கயாவது படம் எடுத்தீங்களா?" எடுக்கவில்லை. அதன் பிறகு நீங்கள் விசாரணைக்கு என் வீட்டுக்கு வந்தீர்கள்.

இவ்வளவு தெரிந்தவர் அந்தச் சத்தத்தை ஏன் நீக்கவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நீக்குவது ஐந்து நிமிட வேலை. செய்தும் பார்த்தேன். தண்ணீரை எடுத்தால் அதோடு அவன் குரலின் அடிப்பகுதியும் போய்விடுகிறது; அந்தக் கதகதப்பு இல்லை. அதனால் அப்படியே விட்டுவிட்டேன். அவனுக்கு அப்படி ஒரு கெடுதல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.