பட்டியலில் ஒரேயொரு பெயர்

டிசம்பர் மாதம். பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. என் கணவர் பேனாட் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய லப்டொப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகள் அட்சயாவுக்காக அதில் லினக்ஸ் போட்டிருந்தார். எல்லாம் வேலை செய்தது. வைஃபை மட்டும் இல்லை.

"பகிடியைப் பாரும். வைஃபைக்கு டிரைவர் வேணுமாம். அந்த டிரைவரை இறக்க வைஃபை வேணுமாம்."

கடைசியில் தன் போனை வயரில் கொழுவி, அதன் இணையத்தில் முதலில் ஒரு மென்பொருளை இறக்கினார். போனில் உள்ள படங்களைத் தானாகவே லப்டொப்புக்கு அனுப்புகிற மென்பொருள். அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது.

"மிச்சம் வந்து செய்யிறன்."

பிக்கரிங் நகருக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே ஒரு தெரு. விளக்கில்லை. உறைமழை... கார் வழுக்கியது.

போனில் ஒரு கீறல்கூட இல்லை.

இதை நான் முதலில் சொன்னது என் சிநேகிதி றஜிதா வீட்டில், புயலில் கரண்ட் போன ஓர் இரவு. மெழுகுதிரியைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பேய்க்கதை சொன்னார்கள். என் முறை வந்தது. என்னிடம் இருந்தது இதுதான்.

அவருடைய சவப்பெட்டியை மூடுமுன் ஒவ்வொருவரும் அவர் பக்கத்தில் ஏதாவது வைத்தார்கள். செபமாலை, அட்சயா கீறிய படம்... மாமி போனை என் கையில் தந்தா.

"அவன்ரை கையை விட்டு இறங்காத சாமான். கொண்டு போகட்டும், பிள்ளை."

நான்தான் வைத்தேன். அவருடைய கோட்டுப் பையில். அணைக்கவும் இல்லை.

கொஞ்ச நாளில் அட்சயா கேட்டாள். "அம்மா, நான் ஸ்கேட்டிங்கில விழுந்த வீடியோ எங்க? அப்பா சிரிக்கிறது?"

அவருடைய குரல் எங்களிடம் இருந்தது அந்த ஒன்றில்தான். அது இருந்தது அந்தப் போனில்தான்.

வயரில் கொழுவிய அன்று அது லப்டொப்புக்கு வந்திருக்குமோ... அதைப் பார்க்க அவருடைய சிநேகிதன் றொய்சனைக் கூப்பிட்டேன். ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தான்.

"ஒண்டும் வரேல்லை அக்கா. ஃபோல்டர் வெறுமை." பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வைஃபையை எண்டாலும் சரியாக்கித் தாறன்" என்றான். ஏதோ தட்டினான். "இதுக்குள்ளை வைஃபை இருக்கெண்டே இந்த மெஷினுக்குத் தெரியாது. பாருங்கோ, வைஃபைப் பட்டியல் காலியாத்தான் இருக்கும்."

பட்டியலைத் திறந்தான்.

ஒரு பெயர் இருந்தது. ஒன்றே ஒன்று. 'பேனாட் போன்'.

"டிரைவர் இல்லாமல் எப்பிடியடி காட்டும்?" என்று மெழுகுதிரிக்கு அந்தப் பக்கமிருந்து றஜிதா இடைமறித்தாள்.

"காட்டாது" என்றேன்.

"எங்கடை பேஸ்மென்ற்றிலையே சிக்னல் இல்லை" என்றார் அவள் பக்கத்தில் இருந்த ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. "அவருக்கு ஆறடிக்குக் கீழையோ?" ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

"இந்தப் போன் எங்கை அக்கா?" என்று றொய்சன் கேட்டான்.

"சேமக்காலையிலை. அவரோடை சேர்த்துப் புதைச்சாச்சு."

அவன் கையை எடுத்துவிட்டான். கடவுச்சொல் எனக்குத் தெரியும். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். நானே தட்டினேன்.

டிங்... ஒரு படம். டிங்... இன்னொன்று. பிறகு அந்த வீடியோ. பனித்தரையில் அட்சயா விழுகிறாள். கமராவுக்குப் பின்னால் அவர் சிரிக்கிறார். "எழும்படா செல்லம், ஒண்டுமில்லை..." நான் அழுதேன். றொய்சனும் அழுதான்.

டிங்.

படங்கள் நிற்கவில்லை. ஆனால் இப்போது வந்தவை எல்லாம் கறுப்பு. றொய்சன் திகதியைப் பார்த்தான். எல்லாம் அடக்கத்துக்குப் பிறகு எடுத்தவை. ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டினான்... கூட்டினான்...

சவப்பெட்டி மூடியின் உட்புறத்து வெள்ளைச் சாட்டின் துணி. மடிப்பு மடிப்பாக. மூக்கில் முட்டுகிற கிட்டத்தில்.

வீட்டுக்குள் ஈரமண் வாசம். வாடின றோசாப்பூ வாசமும்.

"உதை மூடுங்கோ அக்கா" என்றான். சப்பாத்தைச் சரியாகப் போடாமலே இறங்கிப் போனான். நான் மூடவில்லை. மூடினால் அங்கே அவர் தனித்துப் போவார் என்று பட்டது.

அந்த மென்பொருள் போனின் சார்ஜையும் திரை மூலையில் காட்டும். அன்று அது நாற்பத்தொரு வீதம். ஒரு குளிர்காலம் முழுக்கக் கடந்துவிட்டது. இன்று காலையும் பார்த்தேன்.

நாற்பத்தொன்று.