மணம் அறியாமலே எங்கள் அடுப்படிகளை மணக்கவைத்த தலேந்தா டீச்சருக்கு

நபெல் நகர், குயவர் வீதி இடைநிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை திருமதி தலேந்தா கிரீபி அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், ஆசிரியர் அறையினர் வாசித்து அளிக்கும் மடல்

முப்பத்தோர் ஆண்டுகள் இப்பள்ளியின் முற்றத்தை முகம் சுளிக்காமல் கடந்து வந்தவரே! பூவைப் பிரித்து அதன் உள்ளறைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிய அதே கையால், பூண்டுத் தோலுக்கும் ஒரு பயன் உண்டென்று எங்களுக்குக் காட்டியவரே! நேரமில்லை என்று நித்தமும் புலம்பிய நாற்பது ஆசிரியர்களின் நாவுக்கு நல்லுணவும் வீட்டுக்கு நல்வழக்கமும் தந்த நேசமிகு தலேந்தா டீச்சரே! எங்கள் ஆசிரியர் அறை எழுந்து நின்று உங்களை வணங்குகிறது. 

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இது உங்களுக்காக எழுதப்பட்ட இரண்டாவது மடல். முதல் மடல் மார்ச் மாதமே தயாராகிவிட்டது. அரபுமொழி ஆசிரியை ரவ்தாவாகிய நான்தான் அதையும் எழுதினேன். "நறுமணத்தின் நாயகியே, சுவையின் சுரங்கமே" என்று அது தொடங்கியது. சட்டம் போடக் கொடுக்கும் முன்பே ஏப்ரல் பதினேழாம் தேதி வந்துவிட்டது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அதைக் கிழித்துப் போட்டேன். அந்த முதல் வரியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வாரம் தவறாத வழிகாட்டியே! பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், கணித ஆசிரியர் முன்ஜி சார் தொடர்ந்து நான்காம் நாளாகக் கடை ரொட்டியைக் காகிதத்திலிருந்து பிரித்துக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் போனீர்கள். அடுத்த திங்கட்கிழமை, அறிவிப்புப் பலகையில் கால அட்டவணைக்குப் பக்கத்தில், உங்கள் கையெழுத்தில் ஒரு தாள் தொங்கியது. 'மூன்று மணிக்கு வீடு திரும்பி நாற்பது நோட்டுத் திருத்த வேண்டியவர்களுக்கு' என்பது அதன் தலைப்பு. அன்றிலிருந்து இந்த ஏப்ரல் வரை, விடுமுறைத் திங்கட்கிழமைகள் நீங்கலாக, அந்தப் பலகை ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை.

வசந்தத்தில் பச்சைப் பட்டாணியும் ஆர்ட்டிசோக் மொட்டும் ஒரே சட்டியில் இருபது நிமிடத்தில் இறங்கும் என்றீர்கள்; பெருஞ்சீரகக் கீரை மலிந்த வாரத்தில் அதை ஆவியில் வாட்டிக் குஸ்குஸ் ரவையோடு கிளறச் சொன்னீர்கள்; கோடையில் தக்காளியைப் பிளந்து உப்புத் தூவி மாடியில் காயவைக்கவும், சிவப்பு மிளகாயை அரைத்து மேலே எண்ணெய் ஊற்றி ஹரிஸ்ஸாவாக ஆண்டு முழுவதுக்கும் அடைக்கவும் சொல்லித்தந்தீர்கள். ஞாயிறன்று ஒரே தடவை கொண்டைக்கடலை வேகவைத்து நான்கு டப்பாக்களில் பிரித்துவைத்தால் வியாழன் வரை கவலை இல்லை என்பதை நாங்கள் உங்களிடம்தான் கற்றோம். பருவம் தவறிய காய் நெடுந்தூரம் வண்டியில் வந்த காய், அதன் களைப்பு சட்டியிலும் தெரியும் என்று ஒரு டிசம்பரில் எழுதினீர்கள். அதன்பின் பனிக்காலத்தில் தக்காளி வாங்கவே எங்களில் பலருக்குக் கை வருவதில்லை.

ஆரஞ்சுத் தோலைக் காடியில் இரண்டு வாரம் ஊறப்போட்டுத் தரை துடைப்பதும், பொரித்த எண்ணெயைச் சோப்பாக்குவதும், அரிசி கழுவிய நீரை எலுமிச்சை மரத்துக்கு ஊற்றுவதும், பழைய வினாத்தாளில் சீமைமாதுளையைச் சுற்றிவைத்தால் அழுகாது என்பதும் உங்கள் தாள்கள் தந்த செல்வங்கள். என் வீட்டில் கடைத் துப்புரவுத் திரவப் புட்டி நுழைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஓலைக் கூடை இல்லாமல் சந்தைக்குப் போனால் என் மகளே என்னைத் திருப்பி அனுப்புகிறாள்.

கடந்த நான்கு ஆண்டுகளாக அந்தத் தாளோடு ஒரு சிறு சட்டியும் வரத் தொடங்கியது. எழுதியதைச் சமைத்தே கொண்டு வந்தீர்கள். ஆளுக்கொரு கரண்டி நீட்டி, உப்பு போதுமா, புளிப்பு தூக்கலா, எங்காவது கருகின வாசம் அடிக்கிறதா என்று கேட்டுக் கேட்டு ஒரு குட்டி நோட்டில் குறித்துக்கொண்டீர்கள். நாங்கள் அதைப் பாராட்டுக்கு ஏங்கும் பலவீனம் என்று எடுத்துக்கொண்டோம். "நோட்டுக்கு மார்க் போட்டுக் கை வலிக்குது, இப்ப உங்க சட்டிக்கும் மார்க் போடணுமா டீச்சர்?" என்று கேட்டவள் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். முன்ஜி சாரோ வாயில் வைக்காமலே "பிரமாதம்" என்று எழுதச் சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடுவார்.

பிப்ரவரியில் நீங்கள் கொண்டுவந்த கொண்டைக்கடலை சூப் ஊசிப்போயிருந்தது. மூடியைத் திறந்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மனம் நோகுமே என்று, அருமை என்று சொல்லிவிட்டு, மணி அடித்து நீங்கள் வகுப்புக்குப் போனதும் ஜன்னல் வழியாகப் பூப்பாத்தியில் கொட்டினோம். அதை நாகரிகம் என்று நினைத்தோம்.

பொறுமையின் உருவே! இனி அந்த வியாழக்கிழமையைச் சொல்லியாக வேண்டும்.

அன்று காலை ஆசிரியர் அறைக்குப் பின்னுள்ள சிறு அடுப்படியில் சிலிண்டர் மாற்றினார்கள். ரப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை. மணல்காற்று வீசியதால் ஜன்னல்களை இறுக மூடியிருந்தோம். பத்து மணி இடைவேளைக்குக் காபி போட முதலில் உள்ளே போனவர் நீங்கள். சுவருக்கு இந்தப் பக்கம், இடைக்கதவைச் சாத்திக்கொண்டு, நாங்கள் பதினோரு பேர். அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள்.

பள்ளியைத் துப்புரவு செய்யும் மன்னூபியா அக்கா வாளியும் துடைப்பமுமாக நடைவழியில் வந்துகொண்டிருந்தார். கேஸ் நாற்றம் அவர் முகத்தில் அறைந்தது. திறந்திருந்த கதவு வழியாக, நீங்கள் தீப்பெட்டியிலிருந்து குச்சியை எடுத்துவிட்டதைப் பார்த்தார். கூப்பிட நேரமில்லை. வாளியைத் தூக்கித் தரை துடைத்த தண்ணீர் முழுவதையும் உங்கள் மேல் வீசினார்.

நாங்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது, தலை முதல் கால் வரை அழுக்குத் தண்ணீர் சொட்ட, நனைந்த குச்சியை இன்னும் விரலிடுக்கில் பிடித்தபடி நின்றீர்கள். மன்னூபியா அக்கா சிலிண்டரைத் திருகி மூடி, விளக்குப் பொத்தானில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எங்களை விரட்டி, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.  உங்கள் முகத்தில் பயமே இல்லை. கேஸைவிட அதுதான் எங்களை உலுக்கியது.

"என்ன மன்னூபியா, எதுக்கு இப்படி ஊத்துன?" என்று கேட்டீர்கள்.

"கேஸ் டீச்சர். தெருமுனை வரைக்கும் நாறுது. உங்களுக்கு வரலையா?"

நீங்கள் அடுப்பைப் பார்த்தீர்கள், கையிலிருந்த குச்சியைப் பார்த்தீர்கள். பிறகு மிக மெதுவாகச் சொன்னீர்கள்.

"எனக்கு வராது. நாலு வருஷமா எதுவுமே வராது."

பிள்ளைகள் எல்லாரையும் முற்றத்துக்கு இறக்கினோம். நாரத்தை மரங்கள் பூத்துக் கொட்டிய வாரம் அது. ஊரே பூ வாங்கிக் காய்ச்சி வடித்துப் பூநீர் இறக்கிக்கொண்டிருந்தது. எங்களைச் சுற்றிலும் அந்த மணம். நடுவில் பெஞ்சில் நீங்கள். பெரிய காய்ச்சல் ஊரையெல்லாம் படுக்கப்போட்ட அந்த ஆண்டில் உங்களுக்கும் வந்ததையும், காய்ச்சல் இறங்கியும் மணமும் சுவையும் திரும்பாததையும், வரலாம் வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னதையும் சொன்னீர்கள். பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. நாக்கு செத்தவள் சமையல் குறிப்பு எழுதுகிறாள் என்று தெரிந்தால் யார் படிப்பார்கள் என்று எங்களைப் பார்த்துக் கேட்டீர்கள். உங்களுக்கு எங்கள் நாக்குகள்தான் நாக்கு. அந்தக் குட்டி நோட்டில் நீங்கள் குறித்தது பாராட்டை அல்ல.  யாராலும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

செய்தி கேட்டு உங்கள் கணவர் ஷெத்லி ஐயா, அஞ்சலகத்தில் ஓய்வு பெற்றவர், வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். கேட்டதும் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தஞ்சு வருஷமா கேக்காதவ, நாலு வருஷமா தட்டு வச்சதும் உப்பு போதுமா, உப்பு போதுமான்னு கேக்குறா. வயசாக வயசாகப் பாசம் கூடுதுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

"அதுவும்தான்" என்றீர்கள் நீங்கள். முதன்முதலாக அப்போதுதான் அழுதீர்கள்.

மறுநாள் பலகையிலிருந்து தாளை எடுத்துவிட்டீர்கள். மணம் தெரியாதவள் எழுதியதை நம்பி இனி யாரும் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே வகுப்புக்குப் போனீர்கள். மூன்று திங்கட்கிழமைகள் அந்த இடத்தில் ஒரு குண்டூசி மட்டும் இருந்தது. பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில் எங்கள் கண்கள் அங்கே போய்ப் போய்த் திரும்பின. உயிர் தப்பிய அதிர்ச்சி ஒருபக்கம். நான்கு ஆண்டுகள் எங்கள் நடுவே உட்கார்ந்து தனியாகவே தவித்தவரை நாங்கள் கேலி செய்திருக்கிறோம் என்ற அதிர்ச்சி மறுபக்கம். அது இன்னும் ஆறவில்லை.

மே மாதத்து வெள்ளி மாலை ஒன்றில் நானும் முன்ஜி சாரும் மன்னூபியா அக்காவும் உங்கள் வீட்டுக்கு வந்தோம். நீங்கள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தீர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். பூப்பாத்தியில் கொட்டிய சூப்பைப் பற்றித்தான் முதலில் வாயில் வந்தது.

"எந்த சூப்?" என்றீர்கள்.

"பிப்ரவரில. ஊசிப்போயிருந்துச்சு டீச்சர்."

உங்கள் கை நின்றது. ஷெத்லி ஐயா பக்கம் திரும்பினீர்கள். "நீங்க ரெண்டு தட்டு சாப்பிட்டீங்களே?"

அவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, "ராத்திரி முழுக்க வயிறு வலிச்சுது. ஆசையா வச்சியேன்னு சொல்லல" என்றார்.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தோம். சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து வந்து எங்கள் முன் போட்டீர்கள். "இதுல இருக்கறதுல எத்தன பொய்?" என்று கேட்டீர்கள். முன்ஜி சார் தம் பெயர் வந்த இடங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்தார். நூற்றுக்கும் மேல் 'பிரமாதம்'. "எல்லாமே டீச்சர். நான் ஒருநாளும் வாயில வைக்கல" என்றார். ஐம்பது வயதைக் கடந்த அந்த மனிதரின் குரல் உடைந்ததை நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

நீங்கள் மீதிப் பட்டாணியை உரித்து முடித்தீர்கள். பிறகு அடுப்பில் இருந்ததை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவர் முன் வைத்தீர்கள். அவர் மெதுவாகச் சாப்பிட்டார். "புளிப்பு பத்தல. வெங்காயம் ஒரு பக்கம் கருகியிருக்கு" என்றார். பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டீர்கள்.

அடுத்த திங்களன்று பலகையில் தாள் மீண்டும் தொங்கியது. 'மணம் தெரியாதவர் வீட்டு அடுப்படி' என்று உங்கள் கையாலேயே தலைப்பிட்டிருந்தீர்கள். குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது, கசிவைக் கண்டால் அலறும் மணியை மாட்டுவது, டப்பா ஒவ்வொன்றிலும் சமைத்த தேதியை ஒட்டுவது, வெங்காயத்துக்கு மணத்தை நம்பாமல் நிறத்தையும் கடிகாரத்தையும் நம்புவது, சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டாரை வெட்கமின்றிக் கூப்பிடுவது என்று நீண்டது அது. அடியில் சுவைத்தவர் பெயர்களும் அவர்கள் சொன்ன குறைகளும் இருந்தன.

அந்தத் தாள் தொங்கிய இரண்டாம் நாள், நூலகர் நஸீஹா உங்களைத் தனியே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது இருவர் கண்களும் சிவந்திருந்தன. அவருக்கும் மூன்று ஆண்டுகளாக எதுவும் மணக்கவில்லையாம். தனியாக வாழ்கிறவர், கேஸ் பயத்தால் குளிர்காலம் முழுவதும் ஆறின உணவையே சாப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் எங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தவர். எங்களுக்குத் தெரியாது. அவர் வீட்டில் இன்று மணியும் இருக்கிறது, சூடான சட்டியும் இருக்கிறது. அந்தச் சட்டியைச் சுவைத்துச் சொல்ல வாரத்தில் இருமுறை மன்னூபியா அக்கா போகிறார்.

மாண்புமிகு டீச்சரே! நீங்கள் மறைத்தது பிழையென்று உங்களிடமே சொன்னோம், நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். எங்கள் பிழை அதைவிடப் பெரியது. உண்மை சொல்ல வேண்டிய இடத்தில் உபசாரம் சொன்னோம்.

உங்கள் மணமும் சுவையும் திரும்பி வரட்டும். வராவிட்டாலும் உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும்! கடற்காற்றும் கனிமரங்களும் சூழ்ந்த உங்கள் இல்லத்தில் ஷெத்லி ஐயாவோடு உடல் நலமும் உள்ள நிறைவும் பெற்று, எங்கள் பேரப்பிள்ளைகள் நோட்டுத் திருத்தும் காலம் வரை நீங்கள் வாழ வேண்டுமென்று இறைவனை இறைஞ்சுகிறோம்.

இறுதியாக ஒன்று. இன்றைய விருந்துக்கு நீங்களே சமைத்துக் கொண்டுவந்த மீன் குஸ்குஸை இம்மடலை வாசிக்க எழுவதற்கு முன் நாங்கள் அனைவரும் சுவைத்தோம். உப்பு அதிகம், டீச்சர். இந்த மேடையில், விருந்தினர் முன்னிலையில், வாய்விட்டுச் சொல்கிறோம். பென்சிலை எடுங்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
குயவர் வீதி இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும், நபெல்