ஆஃப் என்று எழுதிய வரி

சீனி போடாத தே ஓ, பாலில்லாத தேநீர், வாங்கித் தந்ததற்கு நன்றி, சார். இங்கே பல கடைகளில் சொன்னாலும் சீனியைக் கொட்டிவிடுகிறார்கள்.

என் பெயர் மேக்ஸ்வெல். தூத்துக்குடிக்காரன், இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவன். மனைவி டானியலா, மகள் பெதானியோடு குவீன்ஸ்டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கப்பல் பட்டறைகளுக்கு வாயுமானி செய்யும் சிறு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறேன். கப்பலின் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் கருவி அது. உள்ளே ஆக்சிஜன் குறைந்தால் அலறும்.

சென்சரிடம் பேசும் பகுதியை நாங்கள் எழுதவில்லை. வேறு யாரோ எழுதிப் பொதுவில் வைத்த லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு. அதன் மூல நிரலை இறக்கி, எங்கள் புதிய சிப்புக்கு ஏற்றபடி நாங்களே கம்பைல் செய்து, கருவியில் ஏற்றும் பில்டாக மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு கட்டமைப்புக் கருவியிடம் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆன் அல்லது ஆஃப். அவ்வளவுதான்.

அவற்றில் ஒன்று, சென்சர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. சென்சர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டால் உடனே அலாரம் அடிக்கும். அந்தச் சோதனை இல்லையென்றால், கடைசியாக வந்த எண்ணே திரையில் நின்றுகொண்டிருக்கும்.

அது எங்கள் சிப்பில் கம்பைல் ஆகவில்லை. பெதானிக்கு அப்போது ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பாதியில் இருந்தது. அவள் கட்டில் ஓரத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்தில் அதே பிழைச் செய்தி. அவள் வாந்தி எடுப்பாள், துடைத்துவிடுவேன், மறுபடி ஓட்டுவேன். அந்த நேரத்தில்தான் என் மேலாளர் யாக்கூப் போன் செய்தார்.

"மேக்ஸ்வெல், நாளைக்கு டெமோ லா. பில்ட் வரலன்னா புராஜெக்ட்ட மூடிடுவாங்க. அப்புறம் உங்க வொர்க் பாஸை என்னால காப்பாத்த முடியாது."

பாஸ் போனால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். சிகிச்சை அந்தரத்தில் நிற்கும். அந்தச் சோதனைக்கு எதிரே ஆஃப் என்று எழுதினேன். பில்ட் வந்துவிட்டது. பெதானியின் நெற்றியில் முத்தமிட்டேன்.

பிறகு சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் டெமோ நன்றாகப் போய், அதே பில்டைக் கருவிகளில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். திருத்தம் என்று போய் நின்றால் ஏன் என்று கேட்பார்கள்.

சேவியர் அந்தப் பட்டறையில்தான் வெல்டர். எங்களோடு தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு வருவார். பெதானிக்கு முடி கொட்டியபோது, தானும் மொட்டையடித்துக்கொண்டு வந்து அவளைச் சிரிக்க வைத்தவர். ஒரு ஞாயிறு பூசை முடிந்து லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, உங்க மிஷினத்தான் இப்ப நாங்க மாட்டிக்கிட்டு இறங்குறோம்" என்றார். "என்னோடது சில நேரம் ஒரே நம்பர்ல நிக்குது. அசைய மாட்டேங்குது. நம்பி இறங்கலாமா?"

பக்கத்தில் டானியலா பெதானிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல காத்துன்னா அப்படித்தான் நிக்கும், தம்பி. தைரியமா இறங்குங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார்.

அந்த வாரமே தொட்டிக்குள் செத்துக் கிடந்தார்.

அவருடைய கருவியைப் பரிசோதிக்க எங்கள் நிறுவனத்துக்குத்தான் அனுப்பினார்கள். அது என் மேசைக்கு வந்தது. சிவப்பு எழுத்தை முதல் தடவையாக நிதானமாகப் படித்தேன். ஒரு கோப்பின் பெயர் எங்கள் சிப்பில் வேறாக இருந்தது. அதை மாற்றினேன், சோதனையை ஆன் செய்தேன், கம்பைல் ஆகிவிட்டது. அந்தப் புதிய பில்டைச் சேவியரின் கருவியில் ஏற்றிவிட்டு யாக்கூப்பைக் கூப்பிட்டுக் காட்டினேன். சென்சரைப் பிடுங்கினால் அலறியது.

"அப்ப மிஷின்ல ஒண்ணும் இல்ல லா" என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அலாரத்தை மதிக்காமல் இறங்கிய தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிவானது. சேவியரின் அம்மா அந்தோனியம்மாள் ஊரிலிருந்து போனில் அழுதார். "எம்புள்ள கவனமில்லாதவன் இல்லப்பா" என்றார். நானும் ஆமாம் அம்மா என்றேன். சேவியரின் இரங்கல் பூசையில் மன்றாட்டு வாசித்தது நான்தான். எல்லாரும் நன்றாக வாசித்ததாகச் சொன்னார்கள்.

மற்ற கருவிகளைக் கேட்கிறீர்கள். அவற்றில் பழைய பில்ட்தான் இருந்தது. திருத்தம் தயாராக என் கணினியிலேயே கிடந்தது. கருவிகளைத் திரும்பப் பெற்றால் சேவியர் விஷயம் வெளியே வரும். பெதானியின் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருந்தேன். ஒரு தகப்பன் வேறென்ன செய்வான்?

பிறகு வேறொரு கப்பலில் சின்னத்தம்பி என்பவர் இறங்கினார். அவரும் உயிரோடு மேலே வரவில்லை. இந்த முறை கருவி என் மேசைக்கு வரவில்லை, நேராக விசாரணை நடத்தும் உங்களிடம் வந்துவிட்டது.

ஆம், சார், அந்த வரியை எழுதியது நான்தான். ஆனால் என்னைக் கொடுமைக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். சின்னத்தம்பியை நான் பார்த்ததே இல்லை. தெரிந்தவராக இருந்திருந்தால், இறங்க வேண்டாம் என்று கட்டாயம் சொல்லியிருப்பேன்.