ஒண்டும் விடாமல் எடுங்கோ

"சாமிக்கு டொச் விளங்குமோ?" என்று கவிஷன் ஒருமுறை என்னிடம் கேட்டான். அப்போது அவனுக்கு ஏழு வயது இருக்கும். ஜேர்மனியில், ஹம் நகரில் எங்கள் கோயிலில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்துவந்தேன். அன்போடு கேட்டால் ஜேர்மன் மொழி மட்டுமல்ல, எந்த மொழியும் சாமிக்கு விளங்கும் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப ஆம்டிலை இருக்கிறவைக்கு மட்டும் ஏன் மாமா நீங்கள் போய்ச் சொல்லவேணும்? அவையிட்டை அன்பு இல்லையோ?"

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதிவுக் கருவி ஓடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. நீங்கள் காப்பகத்தின் பொறுப்பாளர். இதற்காகவே அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தமிழ் விளங்கும், நான் தமிழிலேயே சொல்கிறேன். பதிவை ஆங்கிலத்துக்கு மாற்ற வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கணேசலிங்கம். முப்பது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். ஆம்ட் என்கிற அரச அலுவலகம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று எங்கள் ஆட்களுக்கு எங்கே டெர்மின் என்ற சந்திப்பு நேரம் கிடைத்தாலும் நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். சிறிய நன்மைகளில் எனக்கு நம்பிக்கை உண்டு. "இந்த ஆள் பொய் சொல்கிறான்" என்று அதிகாரி சொன்னால், "இன்னும் கொஞ்சம் விவரம் வேணுமாம்" என்று சொல்வேன். ஓர் அம்மாவுக்கு இனி நாள் அதிகம் இல்லை என்று வைத்தியர் சொன்னபோது, "கவனமா இருக்கட்டாம்" என்றேன். அவர் சந்தோசமாகப் போய்ப் பொங்கலுக்குச் சேலை வாங்கினார். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்டாரே என்று பின்னால் அவருடைய வீட்டார் குறைப்பட்டார்கள். அது அவர்களுடைய துக்கம். சேலை கட்டிய அன்று அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியைக் கொடுத்தவன் நான்.

உங்கள் திட்டத்துக்கு என்னை அழைத்தவர் சாருலதா. திருச்சிப் பிள்ளை. வால்டோர்ஃபில் மென்பொருள் வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு வரலாறு படிக்க வந்தவர். ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் ஆட்சிக்காலத்து ஆவணங்களோடு, அந்தக் காலத்தை அனுபவித்தவர்களின் வாய்மொழியையும் சேர்த்து வைக்கிறோம் என்றார். அமைச்சர்கள், சாரதிகள், காவலர்கள் எல்லோரும் பேசியாகிவிட்டதாம். அந்த ஆட்சியிடம் முறையிட்டு வெளியே நின்றவர்களும் பேச வேண்டுமாம். ஈழத்தில் எங்கள் போரின் கடைசி மாதங்களில் பிராங்பேர்ட் தெருவில் நின்ற தமிழர்களின் பேட்டிகளை எழுத்தாக்கி மொழிபெயர்ப்பது என் வேலை.

மாதிரிக்கு என்று ஏற்கெனவே சேர்த்தவற்றில் சிலவற்றைப் படிக்கத் தந்தார். வெள்ளை மாளிகையின் சமையலறையில் இருந்த ஒருவர் பக்கம் பக்கமாகப் பேசியிருந்தார். ஜனாதிபதிக்குச் சூப்பில் எவ்வளவு உப்பு வேண்டும் என்று மூன்று பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். மூவரும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு ஓர் அடிக்குறிப்பும் இருந்தது. எங்கள் சனம் கடற்கரை மணலில் செத்துக்கொண்டிருந்த வாரத்தைத் தேடினேன். ஒரு வரி இருந்தது. "நிலைமை கவனிக்கப்படுகிறது." நான் அந்தத் தாள்களைக் கிழிக்கவில்லை. ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தேன்.

சுந்தரேஸ்வரி அக்காவைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வந்திருக்கிறீர்கள். ஹம்மில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவர். மகள் ஆதிரையோடு இங்கே வந்துவிட்டார். மகன் தாரகன் மட்டும் ஊரில் மாட்டிக்கொண்டான். அவனை இங்கே எடுப்பதற்கு அன்ராக் என்னும் விண்ணப்பம் போட்டுப் போட்டுக் களைத்தவர். எங்கள் பேச்சில் வெளிநாட்டுக்கு ஒருவரை அழைத்துக்கொள்வதை எடுப்பது என்றுதான் சொல்வோம். அக்காவால் அவனை எடுக்க முடியவில்லை.

அந்தச் சித்திரை மாதத்தில், பிராங்பேர்ட்டில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் மழையில் நின்ற எங்களில் சிலரை ஓர் அமெரிக்க அதிகாரி உள்ளே அழைத்துப் பேசினார். கப்பல் அனுப்பிச் சனத்தை ஏற்றுங்கள் என்று கேட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னால் "பாப்பம்" என்பதுதான். பாப்பம் என்றால் என்ன என்று எங்கள் ஆட்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இல்லை என்று சொல்ல மனமில்லாதவர்கள் சொல்வது அது.

அக்கா கைகூப்பிக்கொண்டு நின்றார். அதிகாரியைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

"என்ன தம்பி சொல்லுறார்?"

"பாத்துக்கொள்ளுவினமாம் அக்கா."

ஒரு சொல்லோடு ஒரு சிறிய சொல்லைச் சேர்த்தேன். அவ்வளவுதான். நீங்கள் மொழி அறிந்தவர், உங்களுக்குத் தெரியும். பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு.

"அப்ப கப்பல் வருமோ?"

"பாத்துக்கொள்ளுவினம் எண்டா வேறை என்ன அக்கா?"

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கே எப்படியோ மகனோடு தொடர்பு கிடைத்தது. மற்றச் சனத்தோடு இராணுவப் பக்கம் போகாதே, கடற்கரையிலேயே நில், அமெரிக்கக் கப்பல் வருகிறது என்று சொன்னார். அங்காலே போன உறவினர்கள் முகாமில் கிடந்து, பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தாரகன் கடற்கரையில் நின்றான்.

நான் அந்தக் கடற்கரையில் குண்டு போடவில்லை. குண்டு போட்டவர்களை யாரும் இப்படி நாற்காலி போட்டு உட்கார்த்தி விசாரிக்கவில்லை என்பதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு வெள்ளியும் கோயில் பிரசாதத்தை அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அந்தச் சொல்லைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. எனவே பேச ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அக்காவின் பேட்டியை சாருலதா தனியாக எடுத்தார். நான் அதைப் பிராங்பேர்ட்டில் திட்டத்துக்குத் தந்த அறையில் காதில் கருவி மாட்டிக்கொண்டு கேட்டேன். தொடக்கத்தில் சிரிப்பாக இருந்தது. "ஆறுதலாக் கதைப்பம் பிள்ளை" என்று அக்கா சொல்ல, சாருலதா எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார். "இதென்ன கூத்து, நான் மெல்ல மெல்லக் கதைப்பம் எண்டெல்லோ சொன்னனான்" என்று அக்கா சிரிக்கிறார். "எண்டாலும் விடாதையுங்கோ. பிடிச்சுக்கொண்டே இருங்கோ."

பிறகு சொன்னார்: "அண்டைக்கு அந்த வெள்ளைக்காரன்ரை முகம் பாப்பம் எண்ட முகம். எனக்குத் தெரிஞ்சது. மொழிபெயர்த்த பிள்ளை கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டுது. என்னிலை இருந்த இரக்கம். நானும் நம்ப விரும்பினன், நம்பினன். ஆர் எண்டு பேர் சொல்லமாட்டன். நல்ல மனிசன். நான் எப்பவோ மன்னிச்சிட்டன்."

நான் கருவியைக் கழற்றி வைத்தேன். அந்த அறையில் ஒரு தண்ணீர்க் குவளை இருந்தது. அதை எடுத்துக் குடித்தேன். எனக்கு அப்படி ஒரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை. மன்னிப்பு பிழை செய்தவனுக்குக் கொடுப்பது. நான் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகள் என் கையால் பிரசாதம் வாங்கி, "இரும் தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்று சொல்லி, உள்ளுக்குள் என்னைக் குற்றவாளியாக வைத்து மன்னித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இதைவிட ஏசியிருக்கலாம். கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

அதன் பிறகு அவர் ஒரு சிறு ஒலிநாடாவைப் போடச் சொல்கிறார். பழைய தொலைபேசிப் பதிவுக் கருவியின் நாடா. அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்த அழைப்பு. கருவி பழுதாகி, நாடாவை மட்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தவர், சாருலதா கொண்டுவந்த கருவியில்தான் அதை மறுபடி கேட்கிறார்.

"அம்மா, சனமெல்லாம் அங்காலை போகுது. நான் போகேல்லை. கணேசண்ணை சொன்னாச் சரியாத்தான் இருக்கும். கப்பல் எப்ப எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

அவ்வளவுதான். பிறகு அக்காவின் குரல்: "இது என்னோடை இருந்தா என்னோடை போயிடும் பிள்ளை. அமெரிக்காவிலை வைச்சா நிலைக்கும். அங்கை எண்டாலும் அவன் போய்ச் சேரட்டும்."

என் பெயர் வந்ததற்காக அதைச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. ஒரு பிள்ளையின் கடைசி ஏமாற்றத்தை, சூப்புக்கு எவ்வளவு உப்பு என்பதோடு சேர்த்து ஒரே அலமாரியில் வைக்க என் மனம் இடம் தரவில்லை.

உங்கள் விதி எனக்குத் தெரியும். பேட்டி தந்தவர் விரும்பினால் விலகலாம். அப்போது எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும். ஆனால் பேட்டி எடுத்தவர் அவரிடம் நேரில் கேட்டு, பதிலைப் பதிய வேண்டும். அக்காவுக்கு மனம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று சாருலதாவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "நான் ஏதாவது தப்பா கேட்டுட்டேனா அங்கிள்?" என்றார். இல்லை, வயதானவர், நீங்கள் வேறொன்றும் விளக்க வேண்டாம், எடுத்துடலாமா என்று மட்டும் கேளுங்கள் என்றேன். அந்தச் சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவன் நான். திருச்சியில் ஒன்றை எடுத்துவிடுவது என்றால் நீக்குவது. அக்காவுக்கு எடுப்பது என்றால் ஏற்றுக்கொள்வது, அழைத்துக்கொள்வது. தன் மகனுக்குச் செய்ய முடியாமல் போன அந்த ஒன்று.

ரயிலில் ஹம்முக்குப் போனோம். சாருலதா ஊரிலிருந்து வந்த முறுக்கு கொண்டுவந்திருந்தார். "இதைக் கடிக்கிறதுக்கு எனக்கு அமெரிக்காவிலை இருந்துதான் பல்லும் வரவேணும்" என்றார் அக்கா. இருவரும் சிரித்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, நீங்க குடுத்த இன்டர்வியூவ எடுத்துடலாமா?"

"ஓம் பிள்ளை, எடுங்கோ."

"ஃபுல்லாவா அம்மா? கொஞ்சமாவது வச்சுக்கலாமே?"

"ஏன் கொஞ்சம்? முழுக்க எடுங்கோ. ஒண்டும் விடாமல் எடுங்கோ."

"உங்க மகனோட வாய்ஸ்?"

"அதுதானே முக்கியம். அதை முதல் எடுங்கோ. எடுத்தாப் பிறகுதான் எனக்கு நிம்மதி."

சாருலதாவின் கண் நிறைந்துவிட்டது. அக்கா எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "இப்ப உங்களுக்குத்தான் ஆறுதல் வேணும் போலை கிடக்கு" என்று முதுகைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இனி அவை பாத்துக்கொள்ளுவினம், என்ன தம்பி?"

"ஓம் அக்கா. பாத்துக்கொள்ளுவினம்."

அன்றைக்கு நான் பேசியது அது ஒன்றுதான். அந்தப் பதில் உங்களிடம் பதிவாக இருக்கும், போட்டுக் கேளுங்கள். நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையாக நான் மொழிபெயர்த்ததில்லை. அந்த வாரமே எல்லாம் அழிக்கப்பட்டது.

அக்கா தை மாதம் தூக்கத்திலேயே போனார். மகன் அமெரிக்காவில் பத்திரமாக இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு போனார். எத்தனை பேருக்கு அப்படி ஒரு சாவு வாய்க்கும்? முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அம்மாவின் குரலும் தம்பியின் குரலும் வேண்டும் என்று ஆதிரை உங்களுக்கு எழுதாமல் இருந்திருந்தால், இது யாருக்கும் தெரிந்திருக்காது. சாருலதாவைக் குறை சொல்லாதீர்கள். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். அழுகிறார் என்று கேள்விப்பட்டேன். அவருக்காகக் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்வித்தேன்.

மூல நாடாவாவது ஆதிரையிடம் இருக்கிறதே, நாளை ஒரு கருவி கொண்டுபோய் அதைக் கேட்கலாம் என்று சற்று முன் சொன்னீர்கள். அதனால்தான் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

நாடாவை உறையில் போட்டு, "அம்மா கையில பத்திரமா சேர்த்துடுங்க அங்கிள்" என்று சாருலதா என்னிடம்தான் தந்தார். சேர்த்தேன். அதற்கு முன் ஒரு நாள் அது என் வீட்டில் இருந்தது.

தாரகனுக்கு யாரும் கிரியை செய்யவில்லை. உடல் கிடைக்கவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்க அக்கா விடவில்லை. "ஆர் கண்டது, இருப்பான்" என்பார். என் சொல்லை நம்பி நின்ற பிள்ளை அவன். அவனுக்கு நான் ஒரு கடன்பட்டிருந்தேன். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகவே உணர்ந்தேன். முழுகித் திருநீறு பூசி விளக்கேற்றினேன். என்னுடைய பழைய பதிவுக் கருவியில் அந்த நாடாவைப் போட்டு, அவன் குரலை ஒருமுறை மரியாதையாகக் கேட்டேன். பிறகு நாடாவை முதலுக்குச் சுற்றி, பதியும் பொத்தானை அழுத்தி, அவனுடைய ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்று தேவாரம் பாடத் தொடங்கினேன். அவன் குரல் இருந்த இடத்திலிருந்து நாடா முடியும்வரை, இரண்டு பக்கமும் பாடினேன். கதவு பூட்டியிருந்தது. கைம்மாறு ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

ஆதிரையிடம் சொல்லுங்கள், அவருடைய தம்பிக்குச் செய்யவேண்டியதைச் செய்தாகிவிட்டது. குரல் ஓரிடத்திலும் பிசகவில்லை.